ஸ்கேன் செய்தாயிற்று, அசலை எடைக்குப் போடலாமா?

வேலூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சத்துவாச்சாரியில் மாமனார் கட்டிய வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், எழுபத்தாறு வயது மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் காலமானார். ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கி எறியாத மனிதராம். இரண்டு பீரோ, மூன்று ட்ரங்குப் பெட்டி, பரண் என்று வீடு முழுக்கக் காகிதம். போன மழைக்காலத்தில் ஒரு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. அதைப் பார்த்த அன்றே வாசகி ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவிலும், மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடுவது, காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுவது. மே மாத விடுமுறையில் மகனோடு உட்கார்ந்து 1,400 பக்கம் வரை முடித்தும் விட்டார்.

இப்போது இரண்டு தடைகள். மாமியார், “அவரு கையெழுத்து இருக்கிற பேப்பரை எடைக்குப் போடுவீங்களா?” என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். ஆம்பூரில் இருக்கும் நாத்தனார் போன் செய்து, “அப்பாவோட பேப்பர் எதையும் என்னைக் கேட்காம தொடாதீங்க” என்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: “பட்டா, வில்லங்கம் எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே, பழைய பத்திரம் எதற்கு மேடம்? டிஜிலாக்கரில் ஏற்றினால் அசலுக்குச் சமம் என்கிறான் என் மகன், சரியா? பில், ரசீதுகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்? வீடு என் கணவர் பேரில்தான் வரப்போகிறது. நாத்தனாருக்குக் கல்யாணத்தில் முப்பது சவரன் போட்டு அனுப்பியாயிற்று. அப்புறம் அவர் எப்படித் தடுக்கலாம்?”

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை பழைய பேப்பர்காரரை வரச் சொல்லாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஸ்கேன் செய்யத் தொடங்கியது நல்ல காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றிலும் குடியாத்தம் கௌண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் வந்ததே, அது வடிந்த வாரத்தில் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். துண்டில் சுற்றி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகிவிட்டன. மை கரைந்து நீலக் கறையாக நின்றது. பத்திர எண்ணைப் படிக்க முடியவில்லை, வருடமும் அவருக்குச் சரியாக நினைவில்லை. அந்த முதல் பக்கத்தின் படம் ஒன்று யார் போனிலாவது இருந்திருந்தால் எண்ணைச் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டிருக்கலாம். பேரை வைத்துத் தேடித் தேடி அதை எடுக்க மாதக்கணக்கில் ஆயிற்று. அதனால் நீங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் 1,400 பக்கங்களும் வீண் இல்லை. “ஸ்கேன் செய்துவிட்டோம், இனிக் காகிதம் வேண்டாம்” என்ற இரண்டாவது பாதியில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் எழுதிய வரி

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நாத்தனார் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

உங்கள் மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்த வீடும் நிலமும் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள் என்று எல்லாருக்கும் சம பங்காகப் போய்ச் சேரும். அதாவது உங்கள் மாமியாருக்கு ஒரு பங்கு, உங்கள் கணவருக்கு ஒரு பங்கு, நாத்தனாருக்கு ஒரு பங்கு. கல்யாணத்தில் போட்ட நகை இந்தப் பங்கைக் கழித்துவிடாது. நம் பக்கத்தில் நிறைய குடும்பங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கின்றன. வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி இல்லை. அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் அது உங்கள் கணவருக்கு வரும்.

ஆகவே அந்தப் பெட்டிகளில் இருப்பது உங்கள் வீட்டுக் குப்பை மட்டும் இல்லை. மூன்று பேருக்குச் சொந்தமான சொத்தின் ஆதாரமும் அதில் கலந்து கிடக்கிறது. நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்று சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு விஷயம் வந்தால், “அப்பாவின் காகிதங்களை அண்ணி எடைக்குப் போட்டுவிட்டார்” என்ற ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும். ஆதாரத்தை மறைக்க அழித்தார்கள் என்று நீதிபதி நினைக்க இடம் கொடுத்ததாகிவிடும். உயிலையோ மதிப்புள்ள பத்திரத்தையோ கெட்ட எண்ணத்தோடு அழித்தால் அது கிரிமினல் குற்றமும்கூட. உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனால் எண்ணம் இல்லை என்பதைக் கூண்டில் ஏறி நிரூபிக்கும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. மாமனார் உயில் எழுதவில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். எதையும் தூக்கி எறியாத மனிதர் அப்படி ஒரு தாளை எல்ஐசி கவருக்குள்ளோ பஞ்சாங்கத்துக்குள்ளோ மடித்து வைத்திருக்கலாம். உயில் விஷயத்தில் ஸ்கேன் ஈடு ஆகாது. மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் தந்த 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலை விலக்கி வைத்திருக்கிறது. எழுதியவர் கைவசம் இருந்த உயில் அவர் இறந்தபின் கிடைக்கவில்லை என்றால், அவரே மனசு மாறிக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுகூடக் கோர்ட் நினைக்கலாம். அதனால் ஒவ்வொரு கவரையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுவேலை.

இன்றைக்கே நாத்தனாருக்குப் போன் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அவர் கண்முன்னால் பெட்டியைத் திறந்து, சொத்துக் காகிதங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த ஃபோல்டரை அவரும் பார்க்கும்படி பகிர்ந்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் செய்த வேலை உண்மையிலேயே கை கொடுக்கிறது. முன்பெல்லாம் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்பதற்கே அண்ணன் தங்கை பேச்சு வார்த்தை நின்று போகும். இப்போது அசல் ஓர் இடத்தில் இருக்க, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கலாம். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மறுபடி கிடைக்குமா?

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இந்தக் காகிதம் தொலைந்தால், கொடுத்த அலுவலகம் இதே மதிப்போடு மறுபடி கொடுக்குமா? கொடுக்கும் என்றால் ஸ்கேன் போதும். கொடுக்காது என்றால், அல்லது கொடுத்தாலும் அலையவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றால், அசல் வீட்டில் இருக்க வேண்டும்.

பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் பார்க்கலாம். 1998-ல் எடுத்த பட்டா நகல் பத்து இருக்கிறது என்றால் அந்தப் பத்தையும் வைத்துக் காக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டா இருந்தால் பத்திரம் எதற்கு என்று கேட்டீர்களே, அதைத் திருத்தியாக வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்கு. யாரிடம் தீர்வை வாங்குவது என்பதற்கான பதிவு. சொத்து யாருடையது என்பதைக் கிரயப் பத்திரம்தான் சொல்லும். பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. உங்கள் வீட்டில் அந்தப் பட்டாவே இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி அதையும் மாற்ற வேண்டும், மூன்று பேர் பேரிலும்.

கிரயப் பத்திரத்துக்குப் பதிவுத் துறை சான்றிட்ட நகல் தரும், உண்மைதான். ஆனால் வங்கியில் வீட்டுக் கடனுக்குப் போனால் அசலைத்தான் கேட்பார்கள், ஒப்படைக்கவும் சொல்வார்கள். விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது மூலப்பத்திரத்தின் அசல். இல்லை என்றால் போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, அப்படியும் வாங்குகிறவர் முகத்தில் சந்தேகம் போகாது. விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அது ஒன்றே போதும்.

பழைய பத்திரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், அதில் இருக்கும் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். எழுதியவரும் சாட்சிகளும் போய்ச் சேர்ந்துவிட்ட பத்திரத்துக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சலுகை அசலுக்குத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமும் இதை மாற்றவில்லை. அசல் இருக்கும்போது அசலைக் காட்டு, அது தொலைந்துபோனதற்கோ அழிந்துபோனதற்கோ கணக்குச் சொல்லிவிட்டுத்தான் நகலைக் காட்டு என்பதுதான் இன்றைக்கும் முறை. “எங்கே அசல்?” என்று கேட்கும்போது, “இடத்தை அடைக்கிறது என்று நாங்களே போட்டுவிட்டோம்” என்ற பதிலை எந்த வக்கீலாலும் தூக்கி நிறுத்த முடியாது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறேன். உங்கள் மாமனார் கணியம்பாடிப் பக்கம் நிலம் வாங்கிய 1974-ம் வருடப் பத்திரத்திலும், 1986-ல் மனை வாங்கிய பத்திரத்திலும் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்றுதான் இருக்கும். 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போயிற்று. மீதி இருந்ததும் பின்னால் வேலூர் மாவட்டம் என்று பேர் மாறியது. 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு மாவட்டங்கள் வந்தன. சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் நடுநடுவே மாறியிருக்கலாம். ஆன்லைனில் வில்லங்கம் பார்ப்பது சுலபம்தான், கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஆனால் கணினியில் இருப்பது பெரும்பாலும் 1975-லிருந்துதான். உங்கள் 1974 பத்திரம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. அதை ஆன்லைனில் தேடி, “ஒன்றுமே வரவில்லையே” என்று பயப்படாதீர்கள். கைப்பட எழுதிய பழைய புத்தகங்களில் தேட மனு போட வேண்டும். அந்தத் தேடலுக்கு வழி காட்டுவது அசல் பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணும் முத்திரையும்தான்.

ராணுவக் காகிதங்கள்

கடிதத்தில் ‘ராணுவத்து பழைய புத்தகங்கள்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர்களில் விசாரித்துப் பாருங்கள், அந்த டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையும் ஒரு விதவைக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள். உங்கள் மாமியார் வாங்குகிற குடும்ப ஓய்வூதியத்துக்கு அவைதான் அடித்தளம். அவர் பேரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பிறந்த தேதி ஆதாரில் வேறாக இருந்தாலும், சரிசெய்யப் போகும்போது டிஸ்சார்ஜ் புக்கில் என்ன பதிந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அவற்றைத் தனிக் கவரில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதி, மாமியார் கையில் கொடுங்கள். ஒரு ஸ்கேன் உங்கள் கணவர் போனில் இருக்கட்டும்.

இங்கே டிஜிட்டல் வசதி மாமியாருக்கே நேரடியாகப் பயன்படும். ராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. மாதாமாதம் என்ன வந்தது என்ற சீட்டை அதிலேயே எடுக்கலாம். வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றையும் ஜீவன் பிரமாண் செயலியில், வீட்டில் உட்கார்ந்தபடியே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம். வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் நிற்க வேண்டாம். இதை முதலில் செய்து காட்டுங்கள். போன் என்றாலே தன் பெட்டியைப் பிடுங்க வந்த பூதம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவே தனக்கு உதவுகிறது என்று தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

டிஜிலாக்கரில் இரண்டு அறைகள்

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. டிஜிலாக்கருக்குள் இரண்டு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., பான், ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றைக் கொடுத்த துறையே நேரடியாக அனுப்பி வைப்பது ஓர் அறை. அதற்கு அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு என்று 2017 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. காட்பாடி சிக்னலில் போலீஸ் நிறுத்தினால் போனில் அதைக் காட்டினால் போதும். நாமே போட்டோ எடுத்து ஏற்றுவது இன்னோர் அறை. அது நம் வீட்டு அலமாரி மாதிரி. பத்திரமாக இருக்கும், ஆனால் அதனால் அந்தப் படத்துக்குக் கூடுதல் மதிப்பு எதுவும் வந்துவிடாது. 1974 கிரயப் பத்திரத்தை நீங்கள் அங்கே ஏற்றினாலும் அது நகல்தான்.

மகனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் டிஜிலாக்கரில் வந்திருந்தாலும் அச்சிட்ட அசலை விட்டுவிடாதீர்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும் இடத்தில் காகிதத்தைக் கேட்கிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். விதியைக் காட்டிச் சண்டை போடுவதைவிட ஒரு ஃபைல் வைத்திருப்பது எளிது.

எடைக்குப் போகக்கூடியவை

நல்ல செய்தியும் இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவைப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

மின்கட்டண ரசீது, போன் பில், கேஸ் பில் எல்லாம் மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். சாதாரணப் பண வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம்தான். வருமான வரிக் கணக்கும் அதற்கு ஆதாரமான காகிதங்களும் ஏழெட்டு வருடம் இருக்கட்டும், ஸ்கேனாக இருந்தாலே போதும். பழைய வாரண்டி அட்டை, இல்லாத மிக்ஸியின் கையேடு, கல்யாணப் பத்திரிகை, ஷேர் கம்பெனிகள் அனுப்பிய வருடாந்திரப் புத்தகங்கள் போகலாம். ஆனால் ஷேர் சர்டிஃபிகேட் போகக்கூடாது. அது காகிதமாகவே இருந்தால், டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்ற அந்த அசல் வேண்டும்.

வீட்டு வரி ரசீது, நிலத்தின் கிஸ்து (தீர்வை) ரசீது இரண்டையும் மட்டும் எத்தனை பழையதானாலும் விடாதீர்கள். சொத்து யார் அனுபவத்தில் இருந்தது என்பதை வருடம் வருடமாகக் காட்டுவது அந்தச் சின்னச் சீட்டுகள்தான். எல்லைத் தகராறு வரும்போது பத்திரத்தோடு சேர்த்துக் கேட்போம்.

பழைய பாஸ்புக்குகளைத் தூக்கிப் போடுவதற்கு முன் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் மாமனார் பேரைப் போட்டுப் பாருங்கள். பத்து வருடமாகக் கேட்பாரில்லாமல் கிடக்கும் கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் வாரிசுகள் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுப்பார்கள். பல ஊர்களில் பணியாற்றிய ராணுவக்காரர் எந்த ஊரில் எந்தக் கணக்குத் தொடங்கினார் என்று யாருக்குத் தெரியும்? தபால் நிலையச் சேமிப்புப் பத்திரங்களையும் அப்படியே தனியாக எடுத்து வைத்து, தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

புரோநோட்டு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது மாமனாருக்குப் பணம் தர வேண்டியிருந்து மூன்று வருடம் தாண்டாமல் இருந்தால் அசல் நோட்டு இல்லாமல் வழக்குப் போட முடியாது. அவர் வாங்கின கடனைக் கட்டி முடித்துத் திரும்ப வாங்கிய நோட்டு என்றால், அதையும் கொஞ்ச காலம் வைத்திருங்கள்.

கடையில் கொடுக்கிற வழவழப்பான பில் காகிதத்தை மட்டும் உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் பீரோவுக்குள்ளேயே அது வெளிறி வெள்ளைத் தாளாகிவிடும். ஃபிரிட்ஜ் வாங்கின பில்லை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, நுகர்வோர் வழக்குக்கு எடுத்து வந்து என் மேஜையில் விரித்தார் ஓர் அம்மா. கடைப் பேர்கூட இல்லை, வெறும் தாள். பில்லை வாங்கின அன்றைக்கே போனில் எடுத்துவிடுங்கள்.

எடைக்குப் போடும் காகிதத்திலும் ஆதார் எண், கணக்கு எண், கையெழுத்து இருந்தால் அந்த இடத்தைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். முழு ஆதார் நகல் இருக்கிற தாளில் யாரோ போண்டா மடித்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் செய்யும் முறை

இதுவரை செய்த 1,400 பக்கங்களில் பத்திரங்களை மட்டும் மறுபடி ஒரு முறை பாருங்கள். பெரும்பாலானவர்கள் முத்திரைத்தாளின் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். பின்பக்கத்தில்தான் முத்திரைத்தாள் யார் பேரில் வாங்கியது, பதிவு எண், சார்பதிவாளர் முத்திரை, கைரேகை எல்லாம் இருக்கும். இரண்டு பக்கமும், கலரில், 300 டிபிஐ அளவில் எடுங்கள். ஒரு பத்திரம் முழுக்க ஒரே பிடிஎஃப் ஆக இருக்கட்டும். ஃபைலுக்குப் பேராக பத்திர எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் எழுதுங்கள். ‘ஸ்கேன் 0047’ என்று இருந்தால் அதுவும் ஒரு ட்ரங்குப் பெட்டிதான், திறக்க முடியாத பெட்டி.

துருப்பிடித்த குண்டூசியை மெல்லக் கழற்றுங்கள். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் பின்னால் பிரித்துச் சோதிக்க வழியில்லை. துணிப்பையிலோ கெட்டி அட்டை ஃபைலிலோ போட்டு, சுவரை ஒட்டாமல் நிற்கும் இரும்பு பீரோவில் வசம்புத் துண்டோடு வையுங்கள். வங்கி லாக்கர் இருந்தால் இன்னும் நல்லது.

மீதிப் பக்கங்களை முடிக்க பிரவுசிங் சென்டரில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொத்துக் காகிதங்களையும் ஆதாரையும் கொடுக்காதீர்கள். அவர்கள் கணினியில் அந்தப் படங்கள் தங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுப்பதும் அப்படித்தான். வீட்டிலேயே போனில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று, பழைய போனில் இருந்தால் எடுத்துவிடுங்கள். யாராவது ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். டிஜிலாக்கர் உதவி மையம் என்று சொல்லி யார் போன் செய்து ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் ஜிமெயிலும் போட்டோவும் சேர்ந்துதான். நிறைந்துவிட்டால் ஏறாது. ஆகவே ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும். உங்கள் கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறித்துவைக்க கூகுளில் வசதி இருக்கிறது. உங்கள் கணவர் பேரை அதில் போடுங்கள். மாமனாரின் பெட்டிச் சாவி எங்கே என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

மாமியாரின் பெட்டி

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதை நீங்கள் கொஞ்சம் எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது, வீட்டில் நடக்க இடமில்லை. ஆனால் அதே கடிதத்தில் மூன்றாவது பெட்டி முழுக்க நீல இன்லண்ட் லெட்டர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணவர் எல்லையில் இருந்தபோது வந்தவை. சட்டப்படி அவை அவருக்கு வந்த கடிதங்கள், அவருடைய உடைமை. அவர் சொல்லாமல் ஒன்றைக்கூட நீங்கள் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் கரையானுக்குச் சட்டம் தெரியாது. அதனால் அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்யுங்கள் என்பேன். மகனை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் அவர் பிரித்துக் கொடுக்க, பையன் போனில் எடுக்கட்டும். எந்த வருடம், அப்போது கணவர் எங்கே இருந்தார், வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவர் சொல்வதையும் போனிலேயே பதிவு செய்துகொள்ளட்டும். முடிந்ததும் கடிதங்கள் அதே பெட்டிக்குள், புதுத் துணியில் சுற்றி, அவர் கட்டிலுக்குக் கீழேயே போகட்டும். மற்ற இரண்டு பெட்டிகளைப் பற்றி அதற்கு அப்புறம் பேசிப் பாருங்கள். அவரே உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கவும் கூடும். எந்தக் காகிதம் எதற்கு என்று அந்த வீட்டில் தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான்.

நாத்தனாரோடு பேசிப் பட்டியல் தயாரானதும், பாகம் பிரிப்பது பற்றி நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வக்கீலிடம் போங்கள், மூன்று பேருமாகப் போனால் நல்லது. வாரிசுச் சான்று, பட்டியல், பத்திரங்களின் நகல் எடுத்துப் போங்கள். 1974 பத்திரத்தின் அசலைப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். போனில் இருக்கும் படம் போதும்.